ஜெபத்துக்குக் காவல் நின்றவன்

என் தம்பி பெனியமினாவுக்கு இந்தப் பூமியில் பிடித்த சத்தம் ஒன்றே ஒன்றுதான், சாயங்காலம் எங்கள் ஊரில் அடிக்கிற மணி. மணி என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறேனே தவிர அது காலி கேஸ் சிலிண்டர். அடியை அறுத்துவிட்டு, போதகர் வீட்டுப் பக்கத்து ஈரப்பலா மரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். இரும்புக் கம்பியால் ஒரு போடு போட்டால் எங்கள் ஊர் லாலோவாய் முழுக்கக் கேட்கும். கடலில் வலை போட்டுக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும். கேட்கவில்லை என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

முதல் மணிக்கு எல்லாரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். இரண்டாவது மணிக்கு ஜெபம். மூன்றாவது மணி அடிக்கிறவரை ஊர் ஸாவில் இருக்கும். ஸா என்றால் ஸாதான். ரோட்டில் ஆள் நடக்கக் கூடாது, வண்டி ஓடக் கூடாது, கடலில் யாரும் குளிக்கக் கூடாது. மீறினால் ஊர்ச்சபை கூடிப் பன்றி அபராதம் போடும். சவாய்த் தீவில் இந்த வழக்கம் இல்லாத ஊர் குறைவு. ஆனால் எங்கள் ஊர் அளவுக்குக் கெடுபிடியான ஊர் எதுவும் இல்லை என்று மற்ற ஊர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள். அந்த நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்டு, இடுப்பில் வேட்டி மாதிரி கறுப்பு லாவாலாவா கட்டிக்கொண்டு ரோட்டோரம் காவல் நிற்கிற ஆண்களுக்கு என் தம்பிதான் தலைவன். 'கர்த்தரோட டிராபிக் போலீஸ்' என்று அவனுக்குப் பட்டப்பெயர். அவன் காதுபடவே சொல்வார்கள். அவன் கோபப்பட மாட்டான். அதைப் பட்டம் என்றே நினைத்துக்கொண்டு மார்பை நிமிர்த்துவான், பைத்தியக்காரன்.

சின்ன வயதில் ஜெபத்தில் தூங்கி விழுகிறவன் அவன். அப்பா ஜெபத்தை நிறுத்தாமலேயே விசிறிக் காம்பால் அவன் மண்டையில் ஒன்று வைப்பார். வளர்ந்ததும் நியூஸிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, "அங்கயும் சாயங்காலம்னு ஒண்ணு வருதுக்கா. ஒருத்தனும் அதக் கண்டுக்க மாட்டேங்கிறான்" என்றான். இப்படி ஒரு காரணம் சொல்லி வேலையை விட்டவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு செஃபீனாவைக் கட்டினான். நல்ல பெண். என்னைவிட நன்றாகச் சமைப்பாள், அதனால் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடிக்காது. முதல் பிரசவத்தில் அவளும் போனாள், குழந்தையும் போனது. வீட்டுக்கு முன்னாலேயே இரண்டு பேரையும் புதைத்தோம். தம்பி வீட்டுத் தூண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தவன் படுத்தவன்தான். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. நான் திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். மரக்கட்டையிடம் பேசினாலாவது எதிரொலி வரும்.

அப்போதுதான் அக்கம்பக்கத்தார் ஒரு காரியம் செய்தார்கள். தினமும் முதல் மணி அடித்ததும், தங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாடினார்கள், ஜெபம் பண்ணினார்கள், மூன்றாவது மணி அடித்ததும் எழுந்து போனார்கள். எங்கள் பாட்டில் ஆண்களுக்கு ஒரு அடிக்குரல் உண்டு. அதைத் தாங்குகிற கிழவர் ஒருநாள் வயிற்றுவலி என்று வரவில்லை. பாட்டு நொண்டியது. தூண் பக்கம் திரும்பிப் படுத்திருந்த என் தம்பி, எழுந்திருக்காமலேயே, அந்த அடிக்குரலைப் பாடினான். அன்றைக்கு அவன் பிழைத்தான்.

அதற்கப்புறம் என் வீட்டோடு வந்துவிட்டான். ரோட்டுக் காவலுக்கும் போக ஆரம்பித்தான். "அந்த நேரத்துல எவனாவது ரேடியோவப் போட்டுக்கிட்டு வண்டியில போயிருந்தா, அந்தப் பாட்டு என் காதுல விழுந்திருக்குமாக்கா?" என்று கேட்பான். அவனுக்கு ஸா என்பது அதுதான். எங்கேயோ ஒரு வீட்டில் ஒருவன் தூணைப் பார்த்துப் படுத்திருக்கிறான், அவன் காதுக்குப் போகிற வழியை அடைக்கக் கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆபத்து என்றால் ஸாவிலும் வண்டி போகலாம். பிரசவம், வெட்டுக்காயம், எதுவானாலும் காவல்காரனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனே வழிவிட்டு முன்னால் ஓடுவான். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது.

அன்று லேசான தூறல். மூன்றாவது மணி அடித்து, தம்பி சாப்பிட வந்தான். தேங்காய்ப்பால் ஊற்றிச் சேம்பிலையில் பொதிந்து சுட்ட பலூசாமியைப் பிட்டுக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக, "பக்கத்து ஊரு ஃபங்காசினாக்காரங்களும் திருந்திட்டாங்கக்கா" என்றான்.

"என்னவாம்?"

"பச்சை பிக்கப் ஒண்ணு வந்துச்சு. கையக் காட்டினேன். பய டக்குனு நிறுத்திட்டான். பின்னால ஒரு பொண்ணு, மடியில புள்ள தூங்குது. நனையாம துணியப் போட்டு மூடி வச்சிருக்கா. அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சது குனிஞ்சதுதான், மூணாவது மணி வரைக்கும் நிமிரவே இல்ல. வண்டியில உக்காந்து அப்படி ஜெபம் பண்ணி நான் பாத்ததே இல்ல."

"போன வருஷம் பன்னி கட்டினாங்கல்ல, புத்தி வந்திருக்கும்" என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் வந்தவர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். ஃபங்காசினாவில் அபேலு மகள் ரூத்தா, நாலு வயசுப் பிள்ளை, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே தாய் மடியில் போய்விட்டது. தம்பி கையில் கொக்கோ கோப்பை இருந்தது.

"எந்த வண்டியில போனாங்க?" என்று கேட்டான்.

"அபேலு மச்சான் மகன் ஓட்டிட்டுப் போனான். பச்சை பிக்கப்."

தம்பி கோப்பையைக் கீழே வைத்தான். "அந்தப் பொண்ணு ஜெபம்ல பண்ணிட்டிருந்தா" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். மறுபடியும் அதையே சொன்னான். அதன் பிறகு வாசலில் இறங்கிப் போய்விட்டான்.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டார்களாம். தெரியாது என்றாராம். அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்தத் 'தெரியாது' என் தம்பியைத் தின்ன ஆரம்பித்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கையால் இன்னொரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், அவனும் அவன் சனமும் விடிவதற்கு முன்னால் போய் அந்த வீட்டு முற்றத்தில் தரையில் உட்கார்ந்து, தலைமேல் ஈ தோங்காவைப் போர்த்திக்கொள்வார்கள். ஈ தோங்கா என்பது பெண்கள் வருஷக்கணக்கில் பின்னுகிற மெல்லிய பாய். எங்களுக்குப் பொன், வெள்ளி எல்லாம் அதுதான். வீட்டுக்காரன் வந்து அந்தப் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கோபத்தில் வெட்டினாலும் ஏன் என்று கேட்க முடியாது. இஃபோங்கா என்பார்கள் இதை. தலைவர்தான் முன்னால் உட்கார வேண்டும், ஊர்தான் அனுப்ப வேண்டும்.

ஊர்ச்சபை கூடியது. நான் வெளியே விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். தம்பி சம்மணம் போட்டு, தலையைத் தொங்கப்போட்டு, "என்னை அங்க கொண்டுபோய் உக்கார வைங்க" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டான்.

தலைவர் மௌலோலோ தொண்டையைச் செருமினார். "தப்பு யாரு பண்ணா? கையக் காட்டினது ஒன் கடமை. வாயத் தொறக்காதது அவங்க. நாம போய்ப் பாய்க்கடியில உக்காந்தா, நம்ம ஜெபமே தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவங்களும் ஒரு வார்த்தை கேக்கல. சும்மா கெடக்குற சங்கை எதுக்கு ஊதணும்? ஒம்மேல தப்பே இல்ல, போ."

போதகர், கர்த்தருடைய சித்தம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கர்த்தருக்கு வேறு வேலை இல்லையா, நாலு வயசுப் பிள்ளையை ரோட்டில் நிறுத்தி வைத்து மூச்சைப் பறிப்பதுதான் சித்தமா? வாயைத் திறந்தால் என் குடும்பத்துக்கே அபராதம் என்று விறகுப்பட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து தம்பி காவலுக்குப் போகவில்லை. வீட்டு ஜெபத்திலும் உட்காரவில்லை. இரண்டாவது மணி அடித்ததும் பின்னால் சமையல் கொட்டகைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவுவான். எங்கள் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாதாம். கர், கர் என்று மூன்றாவது மணி வரைக்கும். அவ்வளவு தேங்காயை யார் தின்பது? பன்றிக்குப் போட்டேன். பன்றிகள் கொழுத்தன, அவன் எலும்பாகிப் போனான்.

ஒருநாள் ஜெபத்தை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போய் அவன் முன்னால் நின்றேன். "எத்தன நாளைக்குடா இந்தக் கூத்து? உள்ள வந்து ஒரு வார்த்தை கர்த்தாவேன்னு சொல்லேன். தொண்டையில என்ன முள்ளா?"

அவன் துருவுவதை நிறுத்தவில்லை. "யாருகிட்டக்கா ஜெபம் பண்றது? ஜெபத்துக்குக் காவல் நின்னுதான் அந்தப் புள்ளயக் கொன்னேன். இப்ப அதே ஜெபத்தக் கொண்டுபோய் அவருகிட்ட நீட்டவா?"

"ஒம்மேல தப்பில்லன்னு சபையே சொல்லிருச்சு."

"அதாங்க்கா" என்றான். "தப்பே இல்லன்னுட்டாங்க. இனிமே நான் எங்க போய் மன்னிப்புக் கேக்குறது?"

துருவிக் கிடந்த தேங்காயை அள்ளிப் பன்றிக்குக் கொண்டுபோனேன்.

அடுத்து வந்த ஒரு விடியற்காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கம் தற்செயலாகப் பார்த்தால், தம்பி தண்ணீரில் நடந்துகொண்டிருக்கிறான். கையில் வலை இல்லை, ஈட்டி இல்லை. பவளப்பாறைக்கு நடுவே ஒரு வாய் இருக்கிறது, கடல் உள்ளே வந்து போகிற இடம். அங்கே இழுப்புக்கு ஆடு மாடு நிற்காது. அவன் நேராக அதைப் பார்த்துப் போகிறான். நெஞ்சளவு தண்ணீர் வந்துவிட்டது.

என் உடம்பு பருத்த உடம்பு. ஓடி வருஷங்கள் ஆகின்றன. அன்றைக்கு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. தண்ணீரில் விழுந்து எழுந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

"நீ செத்தா அந்தப் புள்ள வந்துருமா? சொல்லுடா, வந்துருமா?"

"விடுக்கா. கடலாவது என்னை வாங்கிக்கட்டும்."

"கடலு என்ன கடலு. கடலா புள்ளயப் பறிகொடுத்துச்சு? ஒன் உசுர யாருக்காவது குடுத்துத்தான் ஆகணும்னா, புள்ளயப் பெத்தவ வாசல்ல கொண்டுபோய்க் குடு. வெட்டுறதுன்னா அவங்க வெட்டட்டும்."

"ஊரு அனுப்பலியே."

"நான் அனுப்புறேன்" என்றேன். "நான் கூட வர்றேன். பாய்க்கு ஊரு கிட்ட கையேந்த வேணாம். என் பொட்டியில இருக்கு."

அவன் என் தோளில் தலையை வைத்து அழுதான். மனைவி செத்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கும் நீச்சல் சரியாக வராது. வாய்விட்டு, "கர்த்தாவே, இவன என்கிட்டயே விட்டுரும்" என்று கத்தினேன். எப்படியோ தரைக்கு வந்து சேர்ந்தோம்.

ஊருக்குத் தெரியாமல் அந்த வாரத்திலேயே கிளம்பினோம். (பின்னால் ஊர் எங்களுக்குப் போட்ட அபராதத்தையும், மௌலோலோவுக்கு நான் சொன்ன பதிலையும் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.) இருட்டோடு இருட்டாக நடந்து, கிழக்கு வெளுக்கும்போது ஃபங்காசினாவில் அபேலு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். வீட்டுக்கு முன்னால் புதுக் கல்லறை, சின்னது. சிமெண்டு இன்னும் வெள்ளை மாறவில்லை. தம்பி அதைப் பார்த்துவிட்டான். நான் சட்டென்று பாயை உதறி அவன் தலைமேலும் என் தலைமேலும் போர்த்தினேன்.

பாய்க்கடியில் உட்கார்ந்து பார்த்திராதவர்களுக்குச் சொன்னால் புரியாது. மூச்சு முட்டும். வெளிச்சம் பின்னலுக்குள் பொடிப்பொடியாக விழும். வெளியே யார் வருகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. பாய் ஓரத்தில் கால்கள் மட்டும் தெரியும். முதலில் பிள்ளைகளின் கால்கள் ஓடின. அப்புறம் கல் ஒன்று பறந்து வந்து என் தோளில் பட்டது. குறி வைத்ததும் வைத்தான், என்மேலா வைக்க வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அக்கா, நீ போயிரு" என்று தம்பி கிசுகிசுத்தான்.

"வாய மூடு" என்றேன்.

பெரிய கால்கள் வந்து நின்றன. காலுக்குப் பக்கத்தில் தோட்டத்துக் கத்தியின் முனை தெரிந்தது. அபேலு.

"யாரு அது?"

நான் சொன்னேன், "லாலோவாய் பெனியமினா. அன்னிக்கு ரோட்டுல கையக் காட்டினவன். நான் அவன் அக்கா ஃபெத்து."

"ஒங்க தலைவர் எங்க?"

"வரல. ஊரு அனுப்பல. நாங்களாத்தான் வந்தோம்."

கத்தி முனை மண்ணைக் கீறியது. "அப்ப உக்காந்திருங்க" என்றான் அபேலு. "எம்புள்ள காத்துக்கிட்டு இருந்த மாதிரி நீங்களும் காத்துக்கிட்டு இருங்க."

உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. என் முதுகில் வியர்வை ஓடியது. தம்பி நடுங்கிக்கொண்டே இருந்தான். ஜெபம் பண்ணேன்டா என்று அவன் விலாவில் இடித்தேன். தலையை ஆட்டினான், மாட்டேன் என்றல்ல, வரவில்லை என்று. அபேலுவின் கால்கள் வருவதும் போவதுமாக இருந்தன. வெட்டினால் முதலில் என்மேல் விழட்டும் என்று கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவு தைரியசாலி நான் இல்லை. ஆனாலும் அவன் என் தம்பி.

பிறகு ஒரு பெண்ணின் கால்கள் வந்தன. மெலிந்த கால்கள். பாய் ஓரத்தில் நின்றன, நின்றுகொண்டே இருந்தன. லோசா, பிள்ளையைப் பெற்றவள். தூக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அல்லது காறித் துப்பப் போகிறாள். இரண்டும் செய்யவில்லை. குனிந்து, பாய் ஓரத்தைக் கொஞ்சமாக விலக்கி, தவழ்ந்து உள்ளே வந்துவிட்டாள்.

இப்படி ஒன்று எங்கள் தீவில் நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பறிகொடுத்தவள் எங்கேயாவது பாய்க்கடியில் வருவாளா? வெளியே அபேலு, "லோசா, என்ன பண்ற?" என்று அதட்டினான். அவள் காதில் வாங்கவில்லை. எங்களுக்கு முன்னால், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். முகத்தில் பின்னல் வெளிச்சம் பொடிப்பொடியாக விழுந்திருந்தது. சின்னப் பெண், என் மூத்த மகள் வயசுதான் இருக்கும்.

"அண்ணே, அன்னிக்கு என்னப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேம்மா" என்றான் தம்பி. "ஜெபம் பண்றேன்னு நெனச்சேன்."

"ஜெபம்தான் பண்ணேன்."

தன் மடியைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

"இந்தாளு வழி விடணும் கர்த்தாவே, இந்தாளு மனச இளக்கும் கர்த்தாவேன்னு ஜெபம் பண்ணேன். நீங்க கைக்கெட்டுற தூரத்துல நின்னீங்க. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல அண்ணே. அவருகிட்டயே கேட்டுக்கிட்டிருந்தேன்."

தம்பியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்ட பன்றி போடுகிற சத்தம். "எனக்குக் கேக்கலியேம்மா" என்றான். "அவரு சொல்லியிருப்பாரு. எனக்குத்தான் கேக்கல. நான் மணியக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"போன வருஷம் ஒங்க ஊர்ல எங்க வீட்டுப் பன்னிய அபராதம் கட்டினோம். என் மாமனாருக்கு அது பெரிய தலைகுனிவு. ஸாவுல வாயத் தொறந்தா இன்னொரு தடவ அந்த மனுஷன் தலை குனியணுமேன்னு இருந்துச்சு. டிரைவர் பய என்னைப் பாத்தான், சொல்லட்டுமான்னு. வேணாம்னு கண்ணைக் காட்டினேன். புள்ள மூச்சு கீச்சு கீச்சுன்னு கேக்குது, நான் மானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்." அவள் தன் வாயைப் புறங்கையால் அடித்துக்கொண்டாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் வந்து எனக்கு ஆறுதல் சொல்றாங்க. ஒம்மேல தப்பில்ல, ஒம்மேல தப்பில்லன்னு. ஒருத்தரும் என்னை மன்னிக்க மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து உக்காந்திருக்கிறதப் பாத்தேன். எனக்கு உக்கார ஒரு வாசல் இல்லியே அண்ணே. நான் யாரு வாசல்ல போய் உக்காருவேன்? எனக்கும் இதுல கொஞ்சம் எடம் குடுங்க."

தம்பி நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் திரும்பி அவன் பக்கத்தில், வீட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் பாயை இழுத்து அவள் தலையையும் மூடினேன். எனக்குப் பாதி முதுகு வெளியே போய்விட்டது. போகட்டும்.

"ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

"எனக்கு வராதும்மா."

"எனக்கும்தான் வரல. அவ போனதுலேருந்து ஒரு வார்த்தை வரல. நீங்க ஆரம்பிங்க. வாய்விட்டுச் சொல்லுங்க அண்ணே. இனிமே மனசுக்குள்ள வேணாம்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு சொன்னான். "கர்த்தாவே, இது பெனியமினா. ரோட்ட அடைச்சவன். பக்கத்துல லோசா இருக்கு, அந்தப் புள்ளயப் பெத்தவ. நீர் சொன்னது எனக்குக் கேக்கல. இந்தப் பொண்ணு ஒம்மகிட்ட கேட்டதும் எனக்குக் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் பாவம் பண்ணிட்டோம். இல்லன்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதேயும். புள்ள ஒம்மகிட்ட இருக்கா, நாங்க இங்க கெடக்கோம். எங்களைக் கைவிட்டுராதேயும்."

அவ்வளவுதான். அதில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை, எங்கள் போதகர் கேட்டால் முகம் சுளிப்பார். லோசா, ஆமாம் கர்த்தாவே, ஆமாம் கர்த்தாவே என்று அவன் சொல்லச் சொல்லக் கதறினாள். மீட்பு, மீட்பு என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் நான். அது வெள்ளை உடுப்பும் பாட்டுமாக வரும் என்று நினைத்திருந்தேன். என் மடியில் இரண்டு பேருடைய கண்ணீரும் மூக்குச் சளியும் வடிய, வியர்வை நாற்றத்தில் அது வந்தது. என் தம்பியின் நடுக்கம் நின்றிருந்தது. அவன் தோளோடு என் தோள் ஒட்டியிருந்ததால் எனக்குத் தெரிந்தது.

மெல்லிய பாய், உள்ளே பேசினால் வெளியே எல்லாம் கேட்கும். அபேலுவின் கால்கள் அசையாமல் நின்றிருந்தன. கத்தி தரையில் கிடந்தது. எப்போது கீழே போட்டான் என்று நான் பார்க்கவில்லை.

"லோசா" என்றான். குரல் மாறிவிட்டிருந்தது. "வெளிய வா. நீ ஏன் அங்க உக்காந்திருக்க?"

"எனக்கும் சேத்துத் தூக்குங்க" என்றாள் உள்ளிருந்தே. "அவருக்கு மட்டும் தூக்கினா நான் வர மாட்டேன்."

"ஒன்னை நான் ஒண்ணும் சொல்லலியேடி."

"அதான். ஒண்ணுமே சொல்லல நீங்க. தூக்குங்க."

வெளியே அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குனிந்து, இரண்டு கையாலும் பாயைப் பிடித்து, எங்கள் மூன்று பேர் தலையிலிருந்தும் ஒரே மூச்சில் தூக்கினான். வெயில் கண்ணைக் குத்தியது. பாயைப் பிடித்தபடியே அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். இத்தனை நாளும் கோபத்தை வைத்து அடைத்து வைத்திருந்தான் போல, அணை உடைந்தது மாதிரி அழுதான். அந்த வீட்டுச் சனமெல்லாம் முற்றத்தில் இறங்கி வந்துவிட்டது. யாரும் கல்லெறியவில்லை.

அபேலு என் தம்பியைப் பார்த்து, உள்ளே வந்து சாப்பிடு என்று சைகை காட்டினான். தம்பி எழுந்திருக்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. முன்னால் இருந்த சின்னக் கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லோசா அவன் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். "எந்திரிங்க அண்ணே. தூக்கியாச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் மன்னிப்புக் கெடைச்சிருச்சு" என்றாள். அவள் உதடு கோணிக்கொண்டு போனது. "புள்ளதான் கெடைக்க மாட்டா."

அவன் அவள் கையைப் பிடித்து எழுந்தான். நாங்கள் எல்லாரும் உள்ளே போனோம்.